ஐந்து கிலோமீற்றர் இருக்கும்போது

குட்மேய்ஸ் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் நான் வாடகைக்கு இருக்கும் அறை, வீட்டின் முன்னறைக்கு நேர் மேலே இருக்கிறது. வந்த புதிதில் அந்த முன்னறைக்குள் நான் போனதில்லை. வாடகைக்கு இருப்பவருக்குச் சமையலறையும் குளியலறையும் பொது, முன்னறை வீட்டுக்காரருடையது. யாரும் அப்படிச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

என்னை உள்ளே கொண்டுபோனது சைக்கிள் ஓட்டம்தான். ஜூலையில் பிரான்சில் மூன்று கிழமை, நாளுக்கொரு பாதையாக ஓடுவார்களே, அது. ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து படியேறப் போனவன், திறந்திருந்த கதவடியில் நின்றுவிட்டேன். ரீவியில் ஒருவன் மலையில் தனியாக ஏறிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, பஸ்சுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீர்? வந்து இரும்," என்றார் வீட்டுக்கார அண்ணை.

அதன்பிறகு ஒவ்வொரு ஜூலையும் அண்ணை தன் ஒற்றைக் கதிரையிலும், நான் சோபாவின் கதவுப் பக்க மூலையிலும் இருந்து பார்த்தோம். பேச்சு அதிகமில்லை. சமதரையில் எல்லோரும் ஒரே கூட்டமாக ஓடும் நாட்களில் அண்ணை தூங்கிவிடுவார். அதற்கு முன் எனக்கு ஒரு வேலை தருவார்.

"முடிய அஞ்சு கிலோமீற்றர் இருக்கேக்க எழுப்பும். அதுக்கு முந்தி எழுப்பினீரெண்டா வாடகையைக் கூட்டுவன்."

"நித்திரை கொள்ள ஒரு ரீவி, காவலுக்கு ஒரு ஆள்," என்பார் அக்கா சமையலறையிலிருந்து. அக்கா என்று நான் கூப்பிடுவது அண்ணையின் மனைவியை.

இந்த வருடம் மாசியில் அண்ணை இறந்துபோனார். கனடாவிலிருந்து பிள்ளைகள் வந்து காரியங்களை முடித்துத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் அக்காவும் நானும். சமையலறையில் கண்டால் "சாப்பிட்டீரோ?" என்பார். "ஓம் அக்கா" என்பேன். அதோடு சரி.

ஜூலை வந்தது. முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. அக்கா தனியாக இருக்கும் அறையில் வந்து ரீவி பார்க்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கட்டிலில் இருந்து போனில் பார்த்தேன். இரண்டாம் நாள், கீழேயும் அதே ஓட்டத்தின் சத்தம் கேட்டது. அண்ணையை நினைத்து அக்கா போடுகிறார் போலும், அதற்குள் நான் போய் நுழையக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

போனில் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். என் போனில் அவர்கள் கடைசி வளைவுக்கே வந்திருக்கமாட்டார்கள். கீழே ரீவிக்குள் சனம் கத்தி ஓய்ந்திருக்கும். உடனே ரீவி நின்றுவிடும். தினமும் முடிந்துபோன ஒன்றையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாளுக்கு முதல்நாள் தேத்தண்ணீர் போட இறங்கினேன். அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீர் இப்ப சைக்கிள் பாக்கிறேல்லையோ?"

"பாக்கிறன் அக்கா. போனில."

"அப்ப நான் ஆருக்குப் போட்டு வைக்கிறன்? எனக்கு அதில ஒரு கோதாரியும் விளங்கிறேல்லை. சத்தம் கேட்டா வருவீர் எண்டு பாத்தன்."

"நாளைக்குக் கடைசி நாள்," என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப நாளைக்காவது வாரும்."

போனேன். என் பழைய மூலையிலேயே இருந்தேன். சோபாவின் மற்ற மூலையில் அக்கா. ஒற்றைக் கதிரையில் மடித்த போர்வை ஒன்று கிடந்தது.

"இதில ஆர் வெல்லுறது?" என்றார் அக்கா.

"மஞ்சள் சட்டைக்காரர் அக்கா. எல்லா நாளும் சேத்துப் பாத்தா அவர்தான் முன்னுக்கு, நேற்றே வெண்ட மாதிரித்தான்."

"அப்ப இண்டைக்கு என்னத்துக்கு ஓடுறாங்கள்?"

"ஓடி முடிக்க வேணுமே."

பாரிஸ் தெருக்களை அவர்கள் சுற்றிச் சுற்றி வரும்போது அக்கா தூங்கிப்போனார். நான் சத்தத்தைக் குறைத்தேன். திரையின் மூலையில் தூரம் குறைந்துகொண்டு வந்தது. எழுப்பச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. எழுப்பாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

"அக்கா," என்றேன் மெதுவாக. "அஞ்சு இருக்கு."

கண்ணைத் திறந்தவர் முதலில் பார்த்தது அந்த ஒற்றைக் கதிரையை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகுதான் ரீவிப் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை அக்கா. இன்னும் இருக்கு."