குட்டைத் தோட்டாவும் சந்தனப் பொட்டும்

துவக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே பழகிப்போனது. சண்டைக் காலத்தில் எல்லாப் பக்கத்து ஆட்களும் எங்கள் வாசலில் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள், தோளில் துவக்கோடுதான். எங்களுக்கு நேரே நீட்டிய துவக்கு எதுவும் தோட்டா சிக்கி வெடிக்காமல் நின்றதாக எனக்கு நினைவில்லை. அவையெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தன.

பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டைச் சுனாமி வழித்துத் துடைத்துக்கொண்டு போனபின், "இனிக் கடல நம்பி இருக்க ஏலாது" என்று என் கணவர் என்னை வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம், தன் தகப்பனின் வயலுக்குக் கூட்டி வந்தார். அங்கே சண்டை எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஓடினோம், முகாமில் கிடந்தோம், முடிந்துவிட்டது என்றார்கள், திரும்பினோம். ஆளில்லாமல் கிடந்த வருஷங்களில் வட்டை, அந்த வயல்வெளி முழுக்க, யானைகளின் இடமாகிவிட்டிருந்தது. கடன் வாங்கி விதைக்க இறங்கினோம். அந்த முதல் வேளாண்மை வீடு வந்து சேராவிட்டால் எங்களுக்கு மறுபடி ஓடுவதற்கும் இடமில்லை.

காவலுக்கென்று எங்கள் வட்டைக்கு ஒரு துவக்குக் கிடைத்தது. வட்டை விதானையார், அதாவது அந்த வயல்காரர் எல்லோருக்கும் தலைவராக இருந்தவர், அரசாங்க அலுவலகங்களுக்கு, கந்தோர் கந்தோராக அலைந்து வாங்கி வந்தார். முன்பு யாரோ வேட்டைக்காரர் வைத்திருந்ததாம். மேலே ஒரு இரும்புப் பிடி இருக்கும். அதைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா அடியிலிருந்து எழும்பிக் குழலுக்குள் ஏறும். காவலுக்கு என் கணவரைப் போட்டார்கள்.

அவருக்கு அந்தத் தோட்டாக்களில்தான் கவலை. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கட்டைவிரலைப் போலக் குட்டை, நல்ல தடிப்பு.

"நீளத் தோட்டா எண்டா தானாச் சறுக்கிக்கொண்டு போகும் கா. இது குட்டை, தோள் அகலம். கொஞ்சம் கோணினாலும் வாசல்ல முட்டிக்கொண்டு நிக்கும்."

"அப்ப என்னத்துக்கு இதத் தந்தவங்க?"

"நமக்குத் தாறதுதானே" என்றார்.

விதைப்புக்கு முந்தி ஆயுத பூசை வந்தது. மண்வெட்டி, உழவு மெசின், எண்ணெய் பூசிய துவக்கு எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. விதானையார் சந்தனத்தைக் குழைத்துத் துவக்குக்கு வைத்தார். அதோடு விட்டாரா? தோட்டாக்களுக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். என் கணவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்.

"விதானையார், உள்ளுக்க நூலளவு இடம்தான் இருக்கு. தோட்டாவுக்கு வேணாமே."

"சாமிக்கு வெச்ச சந்தனம் தம்பி. அதத் துடைச்சாத்தான் குத்தம்."

சாமியோடு யார் வாதாடுவது? பொட்டோடுதான் தோட்டாக்கள் துவக்குக்குள் போயின. அந்தப் போகம் முழுக்க ஒரு வெடியிலேயே யானைகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அந்த ஒன்றை என் கணவர் தன் கையாலேயே குழலுக்குள் வைத்து அடிப்பார். அடியில் கிடந்தவற்றுக்கு வேலை வரவில்லை. சந்தனம் அங்கேயே காய்ந்து இறுகியது.

கதிர் பழுத்து வெட்டுக்கு ஆள் சொல்லியிருந்த நேரம், ஒரு பின்னேரம் சோறு கொண்டுபோனேன். காவல் பரணுக்குக் கீழே நின்றவர் என்னைப் பார்க்காமலேயே "மேல ஏறு கா, கெதியா ஏறு" என்றார். ஏறியபின்தான் கண்டேன். தனியன், கூட்டம் சேராத ஒற்றை யானை. வரம்பை மிதித்துக்கொண்டு நேரே வந்தது. ஒரு வெடி வைத்தார். அது நின்றது. திரும்பிப் போகவில்லை, காதை விரித்தது. அவர் பிடியை இழுத்துத் தள்ளினார். பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார், தள்ளினார், உள்ளங்கையால் குத்தினார்.

"ஏறுதில்ல" என்றார். "ஏறுதில்ல கா."

அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

துவக்கைச் சேற்றிலிருந்து எடுத்தபோது நானும் பார்த்தேன். தோட்டா வாசலில் கோணி நின்றது. அதன் தோளில் மஞ்சளாக ஒரு கட்டி. செத்த வீட்டில் விதானையார் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். "நாம ஒரு குறையும் வைக்கல்லியே பிள்ள, பூசையெல்லாம் ஒழுங்காத்தானே செய்தம்" என்றார். அந்த மனிதர் மனதாரத்தான் அழுதார். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம்.

அடுத்த வருஷம் ஆயுத பூசையில் அதே துவக்கு, அதே இலை. போன வருஷம் பூசையில் ஏதோ குறை நடந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்திருந்தது. அதனால் இந்த முறை சந்தனம் இரட்டிப்பு. நான் ஒரு துணியை நனைத்துக்கொண்டு போய் முதல் தோட்டாவைத் துடைத்தேன். விதானையார் என் கையைப் பிடித்து விலக்கினார்.

"பிள்ள, பூசைச் சாமான். நீ இப்ப தொடப்படாது. உனக்குத் தெரியாததா?"

"இந்தச் சந்தனம்தான் அந்த மனுசனக் கொன்றது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். துக்கத்தில் பேசுகிறாள் என்று பெண்கள் என்னைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிப்போனார்கள்.

அந்த முறை காவலுக்கு ஒப்புக்கொண்டவர் போன ஆவணியில் கலியாணம் முடித்தவர். பூசை முடிந்ததும் அவருடைய மனைவி துவக்கை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அவரிடம் கொடுத்தாள். அவள் சுமங்கலி. அவள் தொடலாம்.