படத்தில் விழுந்த என் விரல்கள்

எழுபதுகளின் நடுவில், ஒரு ஏப்ரல் மாத முற்பகல். தாம்பரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தைக்கு மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மா உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

எடுக்கும்போது குழந்தையின் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். தங்கை பிரசவக் கட்டிலில். அவள் கணவரோ ஊசியைப் பார்த்தாலே நாற்காலி தேடுகிறவர். நான் சயன்ஸ் டீச்சர்; கரும்பலகையில் நுரையீரல் படம் வரைந்து வரைந்து கை பழகியவள். இதென்ன பிரமாதம் என்று முன்னால் போனேன்.

கனமான ஈய அங்கியை மாட்டிவிட்டார்கள். வளையல்களைக் கழற்றினேன், மோதிரம் வரவில்லை. அந்தக் குச்சிக் கைகளைப் பிடித்ததும் என் வீறாப்பெல்லாம் போய்விட்டது. என் கை நடுங்க, குழந்தையும் சேர்ந்து ஆடியது. படம் கலங்கலாக வந்தது. என்னால் வீணான அந்த நிமிடங்களில் குழந்தை இன்னும் நீலமானது. அழுதுவிட்டேன்.

எக்ஸ்ரே எடுப்பவர் கோபப்படவில்லை. “அழுவாதீங்க டீச்சரம்மா. மூச்சைப் புடிச்சிக்கினு கல்லு மாதிரி நில்லுங்க, இன்னொன்னு எடுத்துடலாம்” என்றார். நின்றேன்.

இருட்டறையில் கழுவிய ஃபிலிமை ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சின் ஒரு பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. நுரையீரலிலிருந்து கசிந்த காற்று வெளியே போக வழியில்லாமல் அடைபட்டு, நுரையீரலையே நசுக்குகிறது என்றார். படத்தின் ஓரத்தில், குழந்தையின் கைகளைப் பற்றியபடி என் விரல் எலும்புகள், மோதிரத்தோடு! எனக்கு மெய்சிலிர்த்துப் போனது.

படத்தில் விலா எலும்புகளை எண்ணினார். பிறகு குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்து எண்ணி, அதே இடத்தில் ஊசியை இறக்கினார். ஊசியோடு இணைத்த குழாயின் மறுமுனை தண்ணீர்ப் பாட்டிலுக்குள் இருந்தது. அதில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. என் கண்ணெதிரே நீலம் வடிந்து உதடு சிவந்தது. வீலென்று ஓர் அழுகை. இத்தனை வருடம் நான் வரைந்ததெல்லாம் வெறும் சாக்பீஸ் கோடு என்று அன்றுதான் புரிந்தது.

அவளுக்கு இப்போது ஐம்பது வயது. போன வாரம் சேலையூரில் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்தவள், “என்ன பெரியம்மா, கை இப்படி நடுங்குது?” என்றாள். வயசாச்சு என்று சிரித்தேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கட்டும். நடுங்கக்கூடாத ஒரு நொடியில் இந்தக் கை நடுங்காமல் நின்றது, எனக்கு அது போதும்.