முப்பது நிமிடமும் ஒரு கடைசிப் பத்தியும்

ஞாயிற்றுக்கிழமை காலைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் மகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. சரியாக ஒரு மணி நேரம். மற்ற பெற்றோர் அதற்குள் எங்கள் ஊரான கூலாயின் சந்தைக்குப் போய் மீன் வாங்கித் திரும்பிவிடுவார்கள். நாங்கள் இருவரும் தேவாலயத்தின் பின்புறம் உள்ள கேண்டீனில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசையில் உட்காருவோம். என் மனைவி மடிக்கணினியைத் திறப்பாள். நான் கைப்பேசியில் முப்பது நிமிடத்துக்கு மணி வைப்பேன். அவள் ஆங்கிலத்தில் ஒரு வாதக் கட்டுரை எழுதத் தொடங்குவாள். மீதி அரை மணி நேரம் நான் அதைத் திருத்துவதற்கு.

அவள் பக்கத்து ஊரான செனாயில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். அப்போது வயது முப்பத்தொன்பது. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். அதற்கு ஒரு சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். கணக்குப் பகுதி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கட்டுரைக்கு மட்டும் ஆறுக்கு நான்கு மதிப்பெண்ணாவது வாங்க வேண்டும் என்று துறை நிபந்தனை வைத்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் நான்கு மணிக்கே கிளம்பிச் சிங்கப்பூர் எல்லையைத் தாண்ட அவளுடைய மேலாளர் சம்மதித்துக் கடிதம் கொடுத்திருந்தார். ஆனால் அவர் அடுத்த ஆண்டு பினாங்கு ஆலைக்கு மாறிப் போகிறார். அவர் இடத்துக்கு வருபவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஆண்டு இடம் கிடைத்தால் உண்டு.

நான் பதினாறு ஆண்டுகள் பிரதி திருத்தியவன். முதலில் ஒரு தமிழ் நாளிதழ், பிறகு ஓர் ஆங்கில நாளிதழின் ஜொகூர் பாரு அலுவலகம். ஆகவே ஆசிரியர் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்குத் திரையில் திருத்த வராது என்பதால், சொந்தத் தாள் கொண்டுவந்தால் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் அச்சடித்துக்கொள்ளலாம் என்று அங்குள்ள எழுத்தர் அனுமதி தந்தார். தாள் சூடு ஆறுவதற்குள் நான் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிடுவேன்.

கேண்டீனை நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. எதையும் மறுத்துப் பேசுவது அவருக்குப் பிடித்த வேலை. நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரை மேசையில் வைத்துக்கொண்டே, "இன்னிக்கி என்னா தலைப்பு?" என்று கேட்பார்.

மனைவி தமிழில் சொல்வாள். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும், யாருக்கும் விலக்கு குடுக்கக் கூடாது. ஒத்துக்கறீங்களாக்கா?"

"ஒத்துக்க மாட்டேன்."

"ஏன்?"

"நீ ஒத்துக்குவே போல இருக்கு, அதான்." தட்டைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தார். "சர்ச்சு கேட்டு பக்கத்துல யாரும் காடி நிறுத்தக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு. ஃபாதர் காடி மட்டும் அங்கதான் நிக்கிது. யாராச்சும் சண்டைக்குப் போனாங்களா? யாரு சாகக் கெடக்கறாங்கன்னு எப்ப கூப்பிட்டாலும் அவரு ஓடணும் லா."

மனைவி அன்று அந்தக் காரைக் கட்டுரையில் சேர்த்திருந்தாள். நான் அந்த நான்கு வரியையும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'யார் சொன்னது? ஆதாரம்?' என்று எழுதினேன். செய்தியறையில் அதுதான் முதல் கேள்வி.

கடைசிப் பத்தியையும் அடித்தேன். அதை ஒவ்வொரு வாரமும் அடித்தேன். செய்தியில் முக்கியமானதெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அடுத்தது அதைவிடக் குறைந்த முக்கியம், அதற்கடுத்தது இன்னும் குறைவு. பக்கத்தில் இடம் போதாவிட்டால் பிரதி திருத்துபவர் அடியிலிருந்து வெட்டிக்கொண்டே வருவார். செய்தி பிழைத்துக்கொள்ளும். பதினாறு ஆண்டுகள் அடியிலிருந்து வெட்டியவனுக்கு, "ஆகவே" என்று தொடங்கும் எந்தப் பத்தியைப் பார்த்தாலும் கை தானாகப் போகும். 'முதலிலேயே சொல்லிவிட்டாய்' என்று எழுதி ஒரு கோடு. நான்காவது வாரத்துக்குப் பிறகு அவள் கடைசிப் பத்தி எழுதுவதையே நிறுத்திவிட்டாள். அதை நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் தேர்வில் கட்டுரைக்கு மூன்றரை வந்தது.

தட்டச்சு வேகம் போதவில்லை, அந்த மையத்தில் விசைப்பலகை பழையதாக இருக்கும் என்றெல்லாம் காரணம் சொன்னேன். அவள் அடுத்த தேர்வுத் தேதியைத் தேடினாள். மறுபடி எழுத மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். விண்ணப்பம் மூடுவதற்குள் இன்னும் ஒரே ஒரு முறை எழுத நேரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. அதுவரை நான் திருத்திய ஒன்பது கட்டுரைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் அக்காவின் சில்லி சாஸ் குப்பி, கரண்டி, தட்டு என்று ஏதாவது ஒன்று. பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டாள். ஆலையில் நிராகரிக்கப்பட்ட பாகங்களை வகை பிரிக்கப் போடும் அதே கட்டம். தேர்வு நடத்துபவர்கள் வெளியிட்டிருந்த மதிப்பீட்டுக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துப்பிழை, எடுத்துக்காட்டு இல்லை, எதிர்த்தரப்பு இல்லை, முடிவு இல்லை என்று தலைப்பிட்டுக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள். முதல் இரண்டு தலைப்புகளின் கீழ் ஓரிரண்டு கோடுகள்தான். மூன்றாவதன் கீழும் நான்காவதன் கீழும் கோடுகள் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

"எல்லாத்துலயும் ஒரே எடத்துல ஒரே தப்பு," என்றாள். "அப்பிடின்னா ஆப்பரேட்டர் மேல தப்பு இல்ல. மிஷின் செட்டிங் தப்பு."

"யார் செட் பண்ணது?" என்று கேட்டேன்.

"செவப்புப் பேனா யாருகிட்ட இருக்கு?"

அக்கா தோசைத் திருப்பியுடன் வந்து எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்க அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் சிவப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்குமா.

"அலமாக். நாலு தாள்ல அடிப்பக்கத்தையே அடிச்சி வச்சிருக்கே, என்னா தம்பி இது?"

"பேப்பர்ல அப்படித்தான்க்கா. கடைசியில உள்ளது முக்கியமில்லாதது."

"நான் மீ கோரேங் மேல முட்டையக் கடைசியாத்தான் வைக்கிறேன். முட்டைய எடுத்துட்டுக் குடுத்தா நீ வாங்குவியா?"

"அது வேறக்கா."

"வாங்குவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

மனைவி சிரித்தாள். மூன்றரை வந்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. வாசகர் எந்த இடத்தில் நிறுத்தினாலும் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக எழுதப்படுவது செய்தி. இந்தக் கட்டுரையைப் படிப்பவரோ சம்பளம் வாங்கிக்கொண்டு கடைசி வரி வரை படிப்பவர். அவர் கேட்பது, நீ எதிர்க் கருத்தைச் சந்தித்தாயா, கடைசியில் எங்கே வந்து நிற்கிறாய் என்பதை. இது எனக்கு முதல் வாரமே தோன்றியிருக்க வேண்டும்.

அன்றே பொறுப்புகள் மாறின. என் பேனா அவளுடைய கைப்பைக்குள் போனது. எனக்கு மிஞ்சியது கடிகாரம்.

முப்பது நிமிடத்தை அவள் ஆலையில் வேலையைப் பிரிப்பதுபோலப் பிரித்தாள். முதல் ஐந்து நிமிடம் தட்டச்சே கிடையாது, யோசனை மட்டும். பிறகு முதல் பத்தி. அது முடிந்த கையோடு கடைசிப் பத்தி. அதற்குப் பிறகுதான் நடுப்பகுதி. இது எனக்கு வினோதமாக இருந்தது.

"நடுவுல என்ன எழுதப்போறேன்னு தெரியாமலே முடிவ எப்படி எழுதுவ?"

"எங்க நிக்கப்போறேன்னு தெரியுமில்ல? நேரம் பத்தலன்னா நடுவுல ஒரு எடுத்துக்காட்டு கொறையும். பரவால்ல. முடிவு தப்பிச்சிடும்."

எதிர்த்தரப்புக்கு அக்கா இருந்தார். கைப்பேசியை அழுத்துவதற்கு முன்பே தலைப்பை அவரிடம் சொல்லிவிடுவாள். அக்கா மறுப்பார். சில நாள் அவருடைய மறுப்பு வலுவாக இருக்கும். நகரங்களில் கார்களைவிட நடப்பவர்களுக்கே முன்னுரிமை வேண்டும் என்ற தலைப்புக்கு, "கூலாய் வெயில்ல எழுதினவன நடக்கச் சொல்லு" என்றார். மனைவி அதை வெப்பநிலை, நிழல், முதியோர் என்று மூன்று வாக்கியமாக மாற்றி, பிறகு நிதானமாகப் பதில் சொன்னாள். ஆதாரம் கேட்க என் வாய் திறந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேரத்த மட்டும் சொல்லுங்க," என்றாள். பதினொரு நிமிடம் இருந்தது. சொன்னேன்.

அந்த மூன்று ஞாயிறுகளில் எழுதிய கட்டுரைகள் முன்பைவிட அழகானவை என்று சொல்ல மாட்டேன். சில வாக்கியங்கள் தடித்திருந்தன. ஒரு கட்டுரையில் ஒரே சொல் ஐந்து முறை வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் இடத்திலிருந்து கிளம்பி, வழியில் ஒருவரைச் சந்தித்து, ஓர் இடத்தில் போய் நின்றது. வேலை இல்லாமல் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து அவள் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

இரண்டாம் தேர்வு ஒரு சனிக்கிழமை, ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆறாவது மாடியில். நான் எதிரிலிருந்த மாமாக் உணவுக் கடையில் பாலில்லாத தே ஓ இரண்டு குடித்து முடிப்பதற்குள் அவள் இறங்கி வந்தாள். ரொட்டி சானாய் கொண்டுவரச் சொன்னாள். முதல் ரொட்டியை முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன்.

"தலைப்பு என்ன?"

"சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்கிட்ட கூடவா?"

"உங்களுக்குன்னு தனி விதி ஒண்ணும் போடல."

இன்றுவரை சொல்லவில்லை. அந்தத் தேர்வில் எழுதிய கட்டுரையைத் திருப்பித் தருவதும் கிடையாது. ஆகவே அவளுடைய கட்டுரைகளில் கணக்கில் வந்த இரண்டையும் நான் பார்த்ததே இல்லை.

முடிவு ஒரு வேலை நாளில் மின்னஞ்சலில் வந்தது. ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லை. மதிய இடைவேளையில் அவள் கார் நிறுத்துமிடத்திலிருந்து அழைத்தாள்.

"நாலு."

"நாலா, நாலரையா?"

"நாலு. அவங்க கேட்டதும் நாலு, நான் குடுத்ததும் நாலு. போதும்."

விண்ணப்பம் மூட ஆறு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து மெதுவாக அனுப்பலாமே என்றேன். வேண்டாம் என்றாள். கைப்பேசியிலேயே திறந்து, மேலாளரின் கடிதத்தையும் பட்டச் சான்றிதழையும் இணைத்தாள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினாள். எண் சரியாக இருந்தது. அனுப்பினாள். இடைவேளை முடிய ஏழு நிமிடம் பாக்கி இருக்கிறது, இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.