மருந்துக்குப் பேர், மழைக்கு வேலை

"பூச்சிக்கு வெயில் என்ன, மழை என்ன சாமி? அதைப் படிக்கவா ஒரு காலேஜு?" நான் வேளாண் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, ராசிபுரம் பேருந்து நிலையத்தில் நாலு பேர் காதில் விழும்படி பெரியப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

படிப்பை முடித்து வந்த சித்திரையில் எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளிக் காட்டில், மாவுப்பூச்சி விழுந்தது. கோடைமழை இல்லை, காற்றே அனலாக இருந்தது. அந்தப் பூச்சிக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. வெக்கையில் சீக்கிரம் பெருகும், கழுவித் தள்ள மழையும் இருக்காது. செடிகளின் கொழுந்தெல்லாம் கொத்தாகச் சுருண்டு நின்றது.

கொழுந்தைக் கிள்ளி எரித்தால் போதும், மருந்து வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள் வந்திருந்தன. ஆனால் அந்த வண்டின் புழுவும் மாவு பூசியதுபோல் வெள்ளையாகத்தான் இருக்கும், பூச்சியைவிடப் பெரிதாக. அப்பா அதன் நீளத்தை விரலில் அளந்து காட்டினார்.

"ஏங்கண்ணு, இத்தாச்சோடு பூச்சி வந்துருக்குது, கிள்ளிக்கிட்டு உக்காரச் சொல்றயா?"

"அது பூச்சியைத் திங்கறதுங்கப்பா."

"திங்கறது நம்ம கிழங்கைத்தான்."

பெரியப்பா மருந்துடன் வந்து அப்பாவோடு சேர்ந்து காடு முழுக்க அடித்தார். மறுநாள் கொட்டித் தீர்த்தது மழை. பூச்சி போய்விட்டது. "பாத்தியா சாமி, மருந்துன்னா இதான்!" என்று பெரியப்பா டீக்கடை வரை சொல்லிக்கொண்டு போனார். மருந்தே அடிக்காத பக்கத்துக் காட்டிலும் பூச்சி இல்லை. அப்பாவை அழைத்துப்போய்க் காட்டினேன். "நம்ம மருந்து காத்துல இங்கயும் வந்துருக்கும்" என்றார். எனக்கு மண்ணை அள்ளி என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது.

ஆவணியில் மறுபடியும் வறண்டது. பூச்சி திரும்பி வந்தது. அதைத் தின்ன வேண்டிய வண்டுகள் மருந்தில் செத்திருந்தன. இம்முறை தண்டின் கணுவெல்லாம் வெள்ளை. கிழங்கு தடிக்கவே இல்லை. கடைக்காரன் கலப்பட மருந்து கொடுத்துவிட்டான் என்றார் பெரியப்பா.

கிழங்கு பிடுங்கியதும் தண்டுகளை அடுத்த நடவுக்கான குச்சிகளாக வேப்பமர நிழலில் அடுக்கி வைப்போம். சொந்தத்தில் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் உறவே முறியும். பெரியப்பா கேட்டார், அப்பா தலையாட்டிவிட்டார். முட்டை ஒட்டிய அந்தக் குச்சியை நட்டால், வரும் வெயிலில் அவர் காடும் போகும், எங்கள் காடும் போகும்.

"அண்ணங்கிட்ட எப்படி இல்லைன்னு சொல்றது?"

"நான் சொல்றேனுங்கப்பா."

"உம்பட வாய்க்கு நாந்தான் பதில் சொல்லோணும்."

எத்தனை முறை விளக்கினாலும் பேச்சு அண்ணன் தம்பியிலேயே வந்து நின்றது. பூச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்று காலை பெரியப்பாவுக்கு நானே போன் செய்தேன். "வண்டி அனுப்பாதீங்க பெரியப்பா, குச்சியெல்லாம் எரிச்சுட்டேனுங்க." அவர் கத்தி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கெங்கவல்லிப் பக்கம் பூச்சி ஏறாத காடு ஒன்றுக்குப் போய், தண்டுகளைக் கணுக்கணுவாகப் பார்த்து, இரண்டு வீட்டு நடவுக்கும் குச்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.