‘வாசிங்க மேடம்’ என்ற குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது இது. திருவண்ணாமலையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் மாடியில் குடியிருந்தோம். கணவர் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டார். மகள் பள்ளிக்கூட வேனில் ஏறிவிட்டாள். மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் உச்சி மட்டும் தெரியும், அப்புறம் அதுவும் கரைந்துபோகும். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்தேன்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, ரிப்போர்ட்டாக டைப் செய்து அனுப்புவது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் வேறு ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டுமென்றால் விபிஎன் வழியாகத்தான் போக முடியும். வெளியாட்கள் நுழையாதபடி நமக்கென்று போட்டுக் கொடுத்த மறைவான பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையின் மூலையில் ஒரு சின்ன ஜன்னல், அதில் ஒரு பொத்தான். அதைத் தள்ளினால் நீலமாகும், பாதை திறந்துவிடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று தள்ளினேன். நீலமானது. இரண்டு நொடியில் மறுபடி சாம்பல் நிறத்துக்கே திரும்பிவிட்டது. ‘இணைப்பு தோல்வி’ என்று ஒரு வரி வந்து, வந்த வேகத்தில் மறைந்தது. காரணம் எதுவும் இல்லை. பத்துத் தடவை தள்ளியிருப்பேன். மழையால் நெட் போய்விட்டதோ என்று பார்த்தால், மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது.

அப்போதுதான் மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு பெண்ணின் கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் பத்தரைக்குள் வேண்டுமாம். ஆபரேஷனுக்காக அந்தம்மா காலையிலிருந்து பட்டினியாகக் காத்திருக்கிறார். எவ்வளவு எடுப்பது என்று ரிப்போர்ட்டை எழுத்தில் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். அந்த ஆஸ்பத்திரி வேலையைப் பார்ப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர். இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். மணி ஒன்பதே முக்கால்.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நிதானமான ஆண் குரல். அவர் கேட்பதற்கு முன்பே திரையிலிருந்த அந்தச் சின்ன ஜன்னலை நாலு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

“அதுல என்ன போட்டிருக்குனு கொஞ்சம் வாசிங்க மேடம்” என்றார்.

“அனுப்பிட்டேன் சார், பாருங்க.”

“சரிங்க. வாசிங்க மேடம்.”

எனக்கு வந்ததே கோபம்! “நாலு படம் அனுப்பியிருக்கேனே, கண்ணு தெரியலையா சார் உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன்.

அவர் அதே நிதானத்தில் சொன்னார்: “தெரியாதுங்க மேடம். அதனாலதான் வாசிக்கச் சொல்றேன்.”

முதலில் அவர் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். அவர் பேச்சுக்குப் பின்னால், குருவிகள் படபடவென்று சண்டை போடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் கோளாறு என்று நினைத்திருந்தேன். பார்வையில்லாதவர்களுக்காகத் திரையில் வரும் எழுத்தை வேகமாக வாசித்துக் காட்டும் இயந்திரக் குரல் அது என்று அப்போதுதான் உறைத்தது.

“மன்னிச்சிடுங்க சார்...”

“பரவாயில்லைங்க. முதல்ல சிஸ்டத்த ஒரு தடவை அணைச்சுப் போடுங்க” என்றார்.

அன்று பார்த்து அது ஏதோ புதுப்பித்துக்கொண்டு கிளம்ப நேரம் எடுத்தது. திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே மழை சத்தம். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“மலை தெரியுதுங்களா?”

“இல்ல சார், மேகம் மூடியிருக்கு.”

சிரித்தார். “நான் ஒரு தடவை அக்கா கையப் புடிச்சுக்கிட்டுக் கிரிவலம் வந்திருக்கேன். இடது பக்கம் காத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. வலது பக்கம் கம்மி. அந்தக் காத்து வராத இடமெல்லாம் மலைனு வச்சுக்கிட்டு நடந்தேன். ரொம்பப் பெருசு மேடம் உங்க மலை.”

பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அப்படி ஒரு மலை அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. வட்டம் சுற்றுகிறது, மழை பெய்கிறது, எங்கோ ஓர் அறையில் குருவிகள் கத்துகின்றன. அந்த மூன்று நாலு நிமிடமும் நான் வேறெங்கோ இருந்தேன்.

லேப்டாப் விழித்துக்கொண்டது. “அந்த ஜன்னல் உங்களுக்கும் ஒண்ணும் சொல்லல, எனக்கும் சொல்லாது. நாம எழுத்துக்குப் போயிடலாம்” என்றார். வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை ஒன்றைத் திறக்க வைத்தார். ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கடகடவென்று வரிகள் ஓடின. பயந்துகொண்டே ஒவ்வொன்றாக வாசித்தேன்.

“நிறுத்துங்க. கடைசி வரிய இன்னொரு தரம்.”

சாவிக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று இருந்தது.

“நேத்து எதையாச்சும் சுத்தம் பண்ணீங்களா மேடம்?”

பண்ணியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே என்று, பதிவிறக்கிய கோப்புகள் கிடக்கும் இடத்தில் பேர் புரியாததையெல்லாம் குப்பைத் தொட்டிக்குத் தள்ளியிருந்தேன். விபிஎன் பாதையைத் திறக்கும் சாவியான அந்தக் கோப்பும் அதோடு போயிருக்கிறது. மழையை, நெட்டை, கம்பெனியை, கடைசியில் அவரை என்று எல்லோரையும் திட்டியாகிவிட்டது. தவறு என்னுடையது. நல்லவேளை, தொட்டியை நான் காலி செய்யவில்லை. கோப்பைப் பழைய இடத்தில் வைத்துப் பொத்தானைத் தள்ளினேன். இந்தத் தடவை நீலம் அப்படியே நிலைத்து நின்றது.

“வந்துடுச்சு சார்!”

“வேலையப் பாருங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

பத்து மணி இருபத்தைந்துக்கு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. கட்டி கெடுதல் இல்லாதது என்று டாக்டர் சொன்ன வரியை டைப் செய்துவிட்டு, இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன். யாரென்றே தெரியாத அந்தம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன் தேவைப்படாது. அந்த நல்ல சேதியை உதவி எண்ணில் பேசியவரிடம் சொல்ல எனக்கு ஆசை. நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதால், நன்றி சொல்லி ஒரு வரி மட்டும் அனுப்பினேன். வழக்கம்போல் படமாக அனுப்பாமல், எழுத்தில்.

அந்தக் கறுப்புத் திரையில் அடித்ததெல்லாம் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. ஆனால் நான் சொன்னதையே ஒருவர் திரும்பக் கேட்கும்போது, அவர் கவனிக்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன்னால், அவருக்குப் புரியும்படி நான் சொன்னேனா என்று ஒரு நொடி நின்று யோசிக்கிறேன். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றுவரை செய்துவருகிற மரியாதை அது ஒன்றுதான்.