மூத்தது

அம்மா பஸ் ஏறியது ஒரு புதன்கிழமை. வரட்டுமா வேண்டாமா என்று மழை காலையிலிருந்து பூச்சாண்டி காட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊரில் இருக்கும் தம்பிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. "அம்மா, எங்க நாலு கையும் பத்தல" என்று அவன் போனில் அழாத குறையாகச் சொன்னதும், வீட்டையே மடித்து இரண்டு பெட்டிகளில் அடைத்துக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டாள். அந்தப் பெட்டிகளைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, பேருந்து நிலையத்துக் கூட்டத்தைப் பிளந்து முன்னால் நடந்தாள் மூத்தவள்.

மூத்தவளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படிக்கிறவர்களும் ஊரோடு சேர்ந்து ஏமாந்துவிடுவார்கள். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். கதவுதோறும் குனிந்து குனிந்து முதுகில் ஒரு பணிவு படிந்துபோயிருந்தது. அகலமான தோள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பாள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் வேலை. சுழலும் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கூந்தல் ஆகாது. குரலோ தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியது போலிருக்கும். அவள் "ஹலோ" என்றால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்றுதான் பதில் வரும். சாம்பல் நிறச் சட்டை, ஏகப்பட்ட பைகள் வைத்த பேண்ட், இடுப்பில் சாவிக்கொத்து. இவ்வளவையும் பார்த்துவிட்டு உலகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த முடிவை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆள்தான். அம்மா.

வங்கியில் ஒருமுறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "கணக்கு ஒரு பொம்பளை பேர்ல இருக்கே சார், அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அம்மா எட்டிப் பார்த்து, "கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். உங்க முன்னாடி நிக்கிறா. கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாருங்க" என்றாள். அவர் நிஜமாகவே துடைத்தார். துடைத்துப் பார்த்தும் முகம் தெளியவில்லை.

கடைவளாகங்களில் இன்னும் மோசம். பெண்கள் கழிவறை வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி, "தம்பி, படம் போட்டிருக்குல்ல, கண்ணு எங்க போச்சு?" என்று ஒரு பெண்மணி நிற்பாள். மூத்தவள் வாயைத் திறந்து விளக்கினால் வினை. குரலைக் கேட்டதும் அவள் காவலாளியையே கூப்பிடுவாள். அம்மா கூட இருந்தால், "பொண்ணுதாண்டியம்மா, வழிய விடு!" என்று ஒரு சத்தம், துடைப்பம் தானாகக் கீழே இறங்கும். அதனால் அம்மா கூட வந்தால்தான் மூத்தவள் வெளியில் தண்ணீரே குடிப்பாள்.

மூத்தவள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே திரிந்ததற்குக் காரணம் அதுதான். ஊர் ஆயிரம் சொல்லட்டும், பெற்றவளுக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமை பஸ்ஸுக்குள் ஜன்னலோரத்தில் ஓர் அம்மாள் வசதியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை, பைக்கு மேல் இன்னொரு பை. அம்மாவுக்கு அவள் பக்கத்து இருக்கை. மூத்தவள் இரண்டு பெட்டிகளையும் அலாக்காகத் தூக்கி மேலே வைத்து, ஆடாமல் பட்டையால் இறுக்கிக் கட்டினாள். ஜன்னலோர அம்மாள் வாய் பிளந்து பார்த்தாள்.

"எப்படித் தூக்குறாரு பாருங்க! உங்க பையனா?"

மூத்தவள் வழக்கம்போல் அம்மாவின் வாயைப் பார்த்தாள். அடுத்து என்ன வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். 'பையனா? என் பொண்ணு!' என்று அம்மா பொரிவாள். கேட்டவள் அசடு வழிவாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஆனால் அம்மா அந்த அம்மாளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு தேன் ஒழுகச் சொன்னாள்:

"ஆமா. இதுதான் மூத்தது."

அம்மா பிள்ளைகளை எப்போதும் மூத்தது, இளையது என்றுதான் சொல்வாள். மூத்தது சாப்பிட்டுச்சா, இளையது தூங்கிடுச்சா என்று, வீட்டில் இரண்டு பூனைகள் வளர்ப்பது மாதிரி. அதில் தப்பில்லை, அது செல்லம். தப்பு அதற்கு முன்னால் வந்த "ஆமா"வில் இருந்தது. ஏன் என்று கேட்பதற்குள் கண்டக்டர், "ஏறாதவங்கல்லாம் எறங்குங்க! சார், உங்களைத்தான்!" என்றார். சார் இறங்கினாள். பஸ் கிளம்பியது. அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கையாட்டினாள். மழை பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அந்த "ஆமா" செருப்புக்குள் புகுந்த கல்லாக மூத்தவளைக் குத்திக்கொண்டே இருந்தது. அம்மா தினமும் போன் செய்தாள். இரட்டையில் ஒன்றுக்கு வயிறு சரியில்லை, இன்னொன்று எந்நேரமும் தூங்குகிறது, மருமகள் பாவம், இளையது உதவாக்கரை என்று பேச்சு அந்தப் பக்கமே ஓடும். மூத்தவள் "ம்" கொட்டுவாள். கேட்டுவிடலாம்தான். ஆனால், 'எத்தனை பேர்கிட்டடி சொல்லிச் சொல்லி மாளுறது' என்று பதில் வந்தால்? அதைவிட மோசமாக, 'எனக்கும் அப்படித்தான் தோணும்' என்று வந்துவிட்டால்? கேட்காமல் இருந்தால் அம்மா பாதியாவது தன் பக்கம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வேலையில் வழக்கமான கூத்துகள் நடந்தன. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அவளும் கூட்டாளியும் போவார்கள். கூட்டாளி மொட்டைமாடி எந்திர அறைக்கு ஏறி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவருவான். அவள் கீழே மூடிய கதவருகே நின்று உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சை விட்டால் மனிதர்கள் பயந்து கதவை உதைப்பார்கள். அதற்கென்று அவளிடம் ஒரு வாசகம் இருந்தது: "பயப்படாதீங்க, நான் இங்கயேதான் நிக்கிறேன்." அந்தக் கூழாங்கல் குரலில் அதைக் கேட்டால் யாருக்கும் தெம்பு வரும். அம்மாவுக்கே அது மனப்பாடம். வீட்டுக்கு வந்து மூத்தவள் சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் அந்த வாசகம் உண்டு.

அம்மா போன பிறகு ஒரு மதியம், அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஒருவர் இரண்டு தளங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க, நான் இங்கயேதான் நிக்கிறேன்."

"அண்ணே, வந்துட்டீங்களா! அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க."

"வெளிய பொம்பளைங்க யாரும் இல்லையே?"

மூத்தவள் நடைவழியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு தன்னையே ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டாள். "ஏன் கேக்குறீங்க?"

"மீட்டிங்ல மூணு காப்பி குடிச்சேன்ணே. தாங்கல. கையில ஒரு காலி பாட்டில் இருக்கு. சத்தம் வெளிய கேட்டா மானம் போயிடும். அதான் கேட்டேன்."

அம்மா இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மாவே ஆமா போட்ட பிறகு இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன விளக்கம்? அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இல்ல சார். நாம ஆம்பளைங்க மட்டும்தான். நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதி வெகுநேரம் கேட்டது. அவள் சத்தத்தை அமுக்குவதற்காகச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நின்றாள். கதவு திறந்ததும் அவர் பையை இறுக அணைத்தபடி வெளியே வந்து, இன்னொரு கையால் அவளையும் அணைத்துக்கொண்டு, "கூடப் பொறந்தவன்கூட இப்படி நிக்க மாட்டான்ணே" என்றார். மேலேயிருந்து இறங்கி வந்த கூட்டாளி விஷயம் தெரிந்து படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். "அக்கா, இதை எழுதி மாட்டுவோம். பெண்கள் இல்லாத லிஃப்ட் கம்பெனி." அவளும் சிரித்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் இதைச் சொல்ல ஆளில்லை.

அதற்குப் பிறகுதான் தம்பியின் போன் வந்தது.

"அக்கா, ஒரு விஷயம். இந்த பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்."

"யாருடா அது?"

"நீதான்."

உலகம் எவ்வளவோ பெரியது. ஆனால் அந்த ஜன்னலோர அம்மாள் குடியிருந்தது தம்பி வீட்டுக்கு நேர் கீழ்த்தளத்தில். பஸ் பயணத்தில் தொடங்கிய சிநேகம் வாசல்வரை வந்து, வாசலிலிருந்து அடுப்படிவரை வந்துவிட்டது.

"அவங்க அக்கா பொண்ணுக்கு உன்னைக் கேக்குறாங்க. நல்ல உசரமாம், பொறுப்பாம். பெட்டி தூக்குற அழகப் பார்த்தே முடிவு பண்ணிட்டாங்களாம். போட்டோ வேணுமாம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'மூத்தது யாருக்கும் பிடி கொடுக்காது'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க."

கொடுக்காதாம்! 'கொடுக்க மாட்டா' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். அம்மா இரண்டாவது முறையாக நழுவியிருக்கிறாள். மூத்தவள் போனை வைத்துவிட்டு, வெகுநேரம் பல் துலக்கினாள்.

சரி, வக்கீல் கைவிட்டால் கட்சிக்காரரே வாதாட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். காதில் கம்மல் போட்டுக்கொண்டாள். கட்டடக் காவலாளி பார்த்துவிட்டு, "கடுக்கன் எடுப்பா இருக்கு தம்பி" என்றார். இடுப்புவலிக்காகப் பெண்களுக்கான மருத்துவரிடம் போனாள். நர்ஸ் புன்னகையோடு, "நீங்க வெளிய இருங்க சார், உங்க வீட்டம்மாவ மட்டும் உள்ள அனுப்புங்க" என்றாள். வீட்டம்மாவும் தானே என்று விளக்கி முடிப்பதற்குள் இடுப்புவலி நின்றுவிட்டது. கடைசியில், தினமும் டீ குடிக்கும் கடையில் நேருக்கு நேராகவே சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் பொண்ணு."

டீ மாஸ்டர் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். அவளை உற்றுப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டினார்.

"சரிண்ணே."

அத்தோடு மூத்தவள் அந்த முயற்சியைக் கைகழுவினாள்.

காலம் ஓடியது. இரட்டையர் தவழ்ந்து, நின்று, ஓடத் தொடங்கினார்கள். அவர்கள் பின்னால் அம்மாவும் ஓடினாள். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று அவள் வருகை தள்ளிக்கொண்டே போனது. மூத்தவள் கேட்கவுமில்லை, மறக்கவுமில்லை. பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து, அது ஏறி இறங்கும் இரும்புத் தண்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் போன் துடித்தது. அம்மாவின் குரல் செய்தி. அம்மா அதுவரை குரல் செய்தி அனுப்பியதே இல்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு அமுக்கினாள். லிஃப்ட் ஓடும் குழியின் நான்கு சுவர்களிலும் அம்மா எதிரொலித்தாள்.

"ஏண்டி, கேக்குதா? இளையது சொல்லிக் குடுத்துச்சு, இதை அமுக்கிப் பேசணுமாம். இன்னிக்கு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்டி. நானும் கீழ் வீட்டம்மாவும். அவ ஒரே அழுகை. நான்தான் தைரியம் சொன்னேன், கதவ ஒதைக்காத, ஆள் வரும், பேசிக்கிட்டே இருப்பாங்கன்னு. அதே மாதிரி வெளிய சத்தம் கேட்டுச்சு. 'பயப்படாதீங்க, நான் இங்கயேதான் நிக்கிறேன்'னு. அப்படியே நீ சொல்ற மாதிரி. எனக்கு உசுரு வந்துச்சு. 'வந்துட்டியாம்மா, நல்லா இரு தாயி, மெதுவா தொறம்மா'ன்னேன். வெளிய சத்தத்தையே காணோம். கொஞ்ச நேரம் கழிச்சு, 'நான் ஆம்பளைங்க'ன்னாரு. 'பரவால்லம்மா, என் பொண்ணையும் அப்படித்தான் சொல்லுவாங்க, நீ மனசுல வெச்சுக்காத'ன்னு நானும் ஆறுதல் சொன்னேன். கதவு தெறந்தா, யம்மா, இவ்ளோ பெரிய மீசை! மூஞ்சி சுண்டிப்போச்சு அந்த மனுஷனுக்கு. நான் என்னடி பண்ணுவேன்? கதவுக்கு வெளிய நின்னு பேசுறது பொம்பளைன்னுதான் என் மண்டையில பதிஞ்சு கெடக்கு. கீழ் வீட்டம்மா புடிச்சுக்கிட்டா, 'உங்களுக்கு மூத்தது பையனாச்சே'ன்னு. பொண்ணுதான்னு போட்டு ஒடச்சுட்டேன். அன்னிக்கு பஸ்ல எனக்குக் கொமட்டிக்கிட்டு இருந்துச்சுடி, அவ ஜன்னல் சீட்டக் குடுக்கணுமே! தப்பா சொன்னீங்கன்னு மூஞ்சியில அடிச்சா குடுப்பாளா? அதான் ஆமான்னுட்டேன். அப்புறம் சொல்லலாம்னா வெக்கமா போச்சு, சீட்டத் திருப்பிக் கேப்பாளோன்னு. சரி, அத விடு. அந்த மெக்கானிக் ரொம்ப ஒடஞ்சு போயிட்டாரு. நம்பர் வாங்கியிருக்கேன், இளையது அனுப்பும். நீ ஒரு வார்த்தை பேசி சமாதானம் பண்ணு, உனக்குத்தானே இதுல அனுபவம். ஆனா எடுத்த எடுப்புலயே நீ பொண்ணுன்னு சொல்லிடுடி. உன் கொரலக் கேட்டு அவரு இன்னும் கொழம்பிடப் போறாரு."