ரேலீன் கொடுக்காமல் விட்ட பீர்ப் பெட்டி

ரேலீன் பிக்கெட் எட்டு மாதத்தில் நாற்பத்தாறு வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டாள். நாற்பத்தாறிலும் ஒரே கேள்வியில்தான் வழுக்கினாள். கடைசியாக எந்த சூப்பர்வைசரிடம் வேலை பார்த்தீர்கள், அவருடைய ஃபோன் நம்பர் என்ன? ஒருமுறை அந்த இடத்தில் ஊர்ப் பந்தாட்டக் கிளப்பின் செயலாளர் பெயரைப் போட்டாள். இன்னொரு முறை, டாஸ்மேனியாவுக்குக் குடிபோய் நம்பரையும் மாற்றிக்கொண்ட ஒரு பழைய மேஸ்திரி பெயரைப் போட்டாள். மற்ற தடவையெல்லாம் வெறும் கோடு. போட வேண்டிய பெயர் அவளுக்குத் தெரியாமல் இல்லை. நெவ் டாலிடே. நம்பர்கூட மனப்பாடம். எழுதப் போனால் விரல் நின்றுவிடும், அவ்வளவுதான்.

காரணம் ஒரு பீர்ப் பெட்டி. வெளியாட்கள் சிரிப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் குவினானா ஆலைகளில் நாலு நாள் வேலை பார்த்தவன் எவனும் சிரிக்க மாட்டான்.

ரேலீனுக்கு ஐம்பத்திரண்டு வயது, தொழில் ரிக்கர். கிரேன் கொக்கியில் பாரத்தைக் கட்டி, அது கோணாமல் ஆடாமல் மேலே போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் கட்டிய பாரம் ஒன்றுகூட நழுவியதில்லை. இதை அவள் வாயால் கேட்க முடியாது. தன் பெருமையைத் தானே பேசுகிறவன் பக்கத்தில் எங்கள் ஆட்கள் உட்காரக்கூட மாட்டார்கள். 'மோசமில்ல' என்பதுதான் நாங்கள் ஒருவருக்குக் கொடுக்கும் பெரிய பட்டம்.

நெவ் அவளுக்கு ஆறு வருஷம் சூப்பர்வைசர். அவர் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ரேலீன் சைட் வண்டியைப் பின்னால் எடுத்தபோது டயருக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. இறங்கிப் பார்த்தால் நெவ்வின் ஐஸ்பெட்டி. அப்பளமாகக் கிடந்தது. உள்ளே அவர் மனைவி கோரல் கட்டிக் கொடுத்த ஆட்டுக்கறி சாண்ட்விச், பீட்ரூட் எல்லாம் சேர்ந்து சிவப்புக் கூழ். அவள் நேராக ஆபீசுக்குள் போய், "நெவ், உன் ஐஸ்பெட்டி மேல வண்டிய ஏத்திட்டேன்" என்றாள். விஷயம் பரவ இரண்டு நிமிஷம் ஆனது. கூட்டம் முழுக்க ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு "பெட்டி! பெட்டி!" என்று கூச்சல் போட ஆரம்பித்துவிட்டது.

எங்கள் சைட்டுகளில் அது சட்டத்தைவிடப் பெரிய சட்டம். எதையாவது உடைத்தாலும் தொலைத்தாலும் முட்டாள்தனமாக எதையாவது செய்தாலும், கூட்டத்துக்கு ஒரு பெட்டி பீர் வாங்கி வர வேண்டும். வாங்கி வந்தால் அதோடு பேச்சு முடிந்தது, யாரும் கிளற மாட்டார்கள். வாங்காமல் நழுவியவனை மன்னிக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. ரேலீன் சிரித்துக்கொண்டே, "திங்கக்கிழமை கொண்டுவர்றேன், கத்தாதீங்கடா" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. ஞாயிறு காலை எல்லோருடைய ஃபோனுக்கும் செய்தி வந்தது: ஆலை மூடப்படுகிறது, ஒப்பந்த ஆட்கள் இனி வர வேண்டாம். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பக்கம் சிதறிப் போனார்கள். முதல் வாரம் ரேலீனுக்கு அதிர்ச்சியில் பெட்டி ஞாபகமே வரவில்லை. இரண்டாவது வாரம் கூட்டத்தின் வாட்ஸாப் குரூப்பில் எவனோ, "ரேவோட பெட்டி எங்கப்பா?" என்று போட்டான். வேடிக்கைக்குத்தான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வெட்கம் ஒரு சுற்றுப் பெருத்தது. கடைசியில், பெட்டி கொடுக்காமல் ஓடியவளுக்கு நெவ் எந்த வாயால் நல்ல வார்த்தை சொல்வார் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். இவ்வளவு கெட்டிக்காரி இப்படி ஒரு மடத்தனம் பண்ணுவாளா என்று கேட்காதீர்கள். பண்ணினாள்.

அந்த வருஷம் அவள் குடியிருந்த ராக்கிங்ஹாமில் கல்லை விட்டெறிந்தால் வேலையில்லாத வெல்டர் தலையில்தான் விழும். கிறிஸ்துமஸுக்குள் வேலை கிடைக்காவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பன்பரியில் அக்கா மேக்ஸினிடம் போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. மேக்ஸின் நல்லவள்தான். ஆனால் காலையில் திறந்த வாயைப் படுக்கப் போகும்போதுதான் மூடுவாள். "தையல் மெஷின நகத்திட்டேன், கட்டிலும் போட்டாச்சு, போர்வை நீலம் வேணுமா பச்சை வேணுமா?" என்று தினம் ஒரு ஃபோன்.

டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து டீகன் என்ற பெண் கூப்பிட்டாள்.

"ரேலீன், தெற்கே ஒரு ஆலையில ஆறு வாரம் ஷட்டவுன் வேலை, ஆலைய நிறுத்தி வச்சுப் பழுது பாக்கறது. திங்கக்கிழமை ஆரம்பம். ரிக்கருக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி, அதுக்கு ஒன்பது பேர் நிக்கறாங்க. உங்க லைசென்ஸ், மெடிக்கல் எல்லாம் பக்கா."

"சரி."

"ஆனா கடைசி சூப்பர்வைசர் நம்பர் இல்ல. அவர்கிட்ட பேசாம உங்க பேரை மேல அனுப்ப முடியாது. ஏன் குடுக்க மாட்டேங்கறீங்க? யாரையாவது கொன்னுட்டீங்களா?"

"ஐஸ்பெட்டியத்தான்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்கோங்க. நெவ் டாலிடே." நம்பரையும் சொல்லிவிட்டாள்.

"மத்தியானம் பன்னெண்டுக்குள்ள பேசிடறேன்" என்று டீகன் வைத்துவிட்டாள்.

ரேலீன் கணக்குப் போட்டாள்: இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. முதலில் நெவ்வுக்கு ஃபோன் போடலாமா என்று பார்த்தாள். பெட்டியைக் கொடுக்காமல் என்ன பேசுவது? மதுக்கடை திறக்கும் வரை வாசலிலேயே நின்று, அவர் குடிக்கும் பீரிலேயே ஒரு பெட்டி வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, மாண்டுராவில் இருக்கும் அவர் வீட்டுக்கு விட்டாள். கோரல்தான் கதவைத் திறந்தாள். "நண்டுக்குப் போயிருக்கார். படகுத் துறைக்கு இடது பக்கம் பாரு" என்றாள்.

கழிமுகத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றார் நெவ். தலையில் கிழிந்த தொப்பி, கையில் நீளக் காம்பு வைத்த வலைக்கூடை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மிதக்கும் பிளாஸ்டிக் தொட்டி. ஒரு நண்டைப் பிடித்து, எடுத்துப் போகும் அளவுக்கு வளர்ந்ததா என்று அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேலீன் காலணியைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"நெவ்!"

அவர் திரும்பினார். "அடியே ரே! உசுரோடதான் இருக்கியா?"

"இந்தா, பிடி."

"என்னது இது?"

"பெட்டி. உன் ஐஸ்பெட்டிக்கு."

நண்டு அவர் கையில் காலை உதறிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"எட்டு மாசம் லேட்டு."

"தெரியும்."

"இதுக்காகவா குரூப்ப விட்டு ஓடுன?"

"மூஞ்சியக் காட்ட முடியல, நெவ்."

"லூசு! சரியான லூசு!" நண்டைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அவருடைய ஃபோன். "இதப் பாரு. எட்டு மாசமா குளிக்கப் போனாக்கூட இது கழுத்துலதான். எந்த ஏஜென்சிக்காரன் எப்பக் கூப்பிடுவானோன்னு. மத்த பதினோரு பேருக்கும் பேசிட்டேன். அந்தத் தூங்குமூஞ்சி டாரனுக்குக்கூட வேலை வாங்கிக் குடுத்துட்டேன். உன்னப் பத்திக் கேட்டு மட்டும் ஒருத்தன் கூப்பிடல. ரேவுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன், என் பேர எழுதக்கூட பிடிக்கலையேன்னு கோரல்கிட்ட புலம்பிட்டிருக்கேன்."

தான் ஒருத்திதான் வெட்கத்தில் வெந்ததாக ரேலீன் நினைத்திருந்தாள். இந்த மனுஷனும் வெந்திருக்கிறார்.

அப்போது ஃபோன் அடித்தது. நெவ் பைக்கு மேலேயே விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். டீகன்.

"ஆமா, என்கிட்ட ஆறு வருஷம் வேலை பாத்தா" என்றார் நெவ்.

"வேலையில எப்படி?"

"மோசமில்ல."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நெவ் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கிட்டியா? ரொம்பவே மோசமில்ல."

ஆறு வருஷத்தில் யாரைப் பற்றியும் அவர் 'ரொம்ப' போட்டு ரேலீன் கேட்டதில்லை.

"பாதுகாப்பு விஷயத்துல ஏதாவது பிரச்சினை?"

நெவ் அவள் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "ஒண்ணு இருக்கு."

போச்சு, என்று நினைத்தாள் ரேலீன். பன்பரி, நீலப் போர்வை.

"வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்ப என் ஐஸ்பெட்டி மேல ஏத்திட்டா. நான் ஆபீஸ் உள்ள இருந்தேன். ஒருத்தனும் பாக்கல. லாரிக்காரன் எவனோ ஏத்திட்டான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். அவளே நேரா வந்து நின்னு, நான்தான்னு சொன்னா. இத பாரும்மா, பாரம் கட்டற ஆள்கிட்ட எனக்கு வேற என்ன வேணும்? தப்பு நடந்தா அது என் தலையில விழறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். இவகிட்ட தெரியும்."

"மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேன். இல்லன்னா உனக்கு விட்டுக் குடுப்பனா?"

ஃபோன் நின்றது. ரேலீன் முழங்கால் தண்ணீரில் நின்று, தோளில் பீர்ப் பெட்டியோடு அழுதாள். எட்டு மாதத்தில் அதுதான் முதல் அழுகை. அழ அழ நெஞ்சு லேசானது. நெவ் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி, இல்லாத நண்டைத் தேடினார்.

பெட்டியை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "இத நான் தனியா வாங்க முடியாது. கூட்டம் இருக்கணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கொண்டா, நண்டு அவிக்கிறேன்" என்றார்.

பதினொன்றே முக்காலுக்கு டீகன் கூப்பிட்டு, "திங்கக்கிழமை காலை அஞ்சரைக்கு கேட்டுல நில்லுங்க" என்றாள். மேக்ஸினிடம் தையல் மெஷினைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னபோது, அக்காவின் குரலில் ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. ஞாயிறன்று பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். ரேலீன் பெட்டியோடு உள்ளே நுழைந்ததும், சட்டியையும் கரண்டியையும் எடுத்துத் தட்டி "பெட்டி! பெட்டி!" என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்படி கத்தினார்கள். அவளுக்கு அது போல இனிமையான சத்தம் வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

புது சைட்டில் மூன்றாம் நாள், நரைத்த தாடிக்கார கிரேன் டிரைவர் ஒருவர் கேபினிலிருந்து இறங்கும்போது சைட்டின் ஒரே நல்ல வாக்கி டாக்கியைச் சாக்கடைக்குள் போட்டுவிட்டார். இன்னும் பேர்கூடச் சரியாகத் தெரியாத புதுக் கூட்டம் ஹெல்மெட்டைத் தட்ட ஆரம்பித்தது. மனிதர் முகம் சிவந்து, "சரி சரி, திங்கக்கிழமை கொண்டு வர்றேன்" என்றார்.

ரேலீன் கொக்கியை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் வந்தாள்.

"திங்கக்கிழமைன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். "இன்னிக்கு வேலை முடிஞ்சதும் வாங்கிருவோம். கடை வரைக்கும் நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."